ட்ரெபிள் திருடன்

தெருவுக்குக் கீழே இருந்த அந்த ஸ்டுடியோவின் கதவைத் திறக்கவே ஒரு ஆள் பலம் வேண்டியிருந்தது. கண்டக்டர் தோளைக் கொடுத்துத் தள்ள, கதவு முனகிக்கொண்டே வழிவிட்டது.

"திருடனைப் பிடிக்கக் கூப்பிட்டிருக்காங்க, மேடம். இந்தக் கதவைத் தள்ளி உள்ள போயிட்டு வர்றவன் திருடனா இருக்க மாட்டான். பயில்வானாத்தான் இருப்பான். தேடுற இடத்தை மாத்தணும்," என்றார்.

கண்டக்டர் என்பது பட்டப்பெயர் இல்லை. காலமெல்லாம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவர். ஓய்வு பெற்ற கையோடு மேடத்தின் துப்பறியும் அலுவலகத்தில் உதவியாளராகச் சேர்ந்துகொண்டார். ஆள் ஏறும்போதே எந்த ஸ்டாப்பில் இறங்குவான் என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவார். வாய்க்கு மட்டும் பிரேக் கிடையாது.

மேடத்துக்கு அந்த வாய் தேவைப்பட்டது. போன வருஷம் வரை அவர் வீட்டிலும் ஒரு வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தது. கல்யாணமே வேண்டாம் என்றிருந்த தங்கை, நாற்பது தாண்டிய பிறகு மனசு மாறிக் கழுத்தை நீட்டி, கடல் தாண்டிப் போய்விட்டாள். அதற்கப்புறம் மேடம் சாவி போட்டுத் திறந்தால் உள்ளேயிருந்து 'யாரு, அக்காவா?' என்று கேட்க ஆளில்லை. வேலை இருக்கிற நாள் நல்ல நாள் என்று ஆகிப்போனது.

உள்ளே சுவர் முழுக்கப் பஞ்சுப் பலகை ஒட்டியிருந்தது. பேசினால் குரல் வாயை விட்டு இரண்டடி போனதும் செத்து விழுந்தது. நாற்காலிகள் மூன்று இருந்தன. ஒன்றில்தான் ஆள் உட்கார்ந்த தடம். மற்ற இரண்டிலும் வயர்ச் சுருள்கள் குடியிருந்தன. மேஜை மேல் ஒரே ஒரு டீ கப்.

அந்த ஒற்றை நாற்காலிக்குச் சொந்தக்காரர் மிக்ஸிங் இன்ஜினியர். பாடுகிறவர் ஒரு பக்கம் பாட, வாசிக்கிறவர்கள் ஒரு பக்கம் வாசிக்க, தனித்தனியாகப் பதிவான அத்தனையையும் ஒன்று சேர்த்து, எது முன்னால் நிற்க வேண்டும், எது பின்னால் ஒதுங்க வேண்டும் என்று பார்த்துப் பாட்டாக்கித் தருவது அவர் தொழில். உயரமான ஆள். அறுபதை நெருங்கும் வயது. பேசுகிறவர் வாயையே உற்றுப் பார்த்தார். மேடத்துக்கு முதலில் அது கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

"என் பாட்டையெல்லாம் யாரோ அமுக்குறாங்க, மேடம்."

"எடுத்துட்டுப் போறாங்களா?"

"எடுத்துட்டுப் போனா போலீஸுக்குப் போயிருப்பேன். இது வேற. காலையில ஒரு பாட்டை முடிச்சு வைக்கிறேன். மத்தியானம் மேல என் ரூமுக்குச் சாப்பிடப் போவேன், கொஞ்சம் கண்ணசருவேன். சாயங்காலம் வந்து இசையமைப்பாளருக்கு அனுப்பிடுவேன். முடிச்சதைத் திரும்பக் கேக்கற பழக்கம் எனக்கு இல்ல. போன மாசம் டாக்ஸியில என் பாட்டு ஒண்ணு ஓடுச்சு. போர்வைக்குள்ள தலையை விட்டுக்கிட்டுப் பாடுற மாதிரி இருந்தது. ஓடி வந்து கம்ப்யூட்டர்ல பார்த்தா, நான் ஏத்தி வச்ச ட்ரெபிளை, அதான் மேல் சத்தத்தை, யாரோ இறக்கியிருக்காங்க. பழைய பாட்டெல்லாம் தோண்டிப் பார்த்தேன். ஒரு வருஷமா நடக்குது."

"பூட்டு?"

"போன வாரம் மாத்தினேன். நேத்துகூட நடந்திருக்கு."

"யார் மேலயாவது சந்தேகம்?"

"சந்தேகம் எல்லாம் இல்ல, நிச்சயம்தான். எதிர்ச் சாரியில ஸ்டுடியோ வச்சிருக்கானே, அவன். முன்னாடி என்கூட வேலை பார்த்தவன். தினம் சாயங்காலம் ரெண்டு பேரும் ஒண்ணா நடக்கப் போவோம். இப்ப நான் தனியாத்தான் போறேன்." இன்ஜினியர் எதிர்ப் பக்கச் சுவரைக் கையால் காட்டினார். "நாளைக்குக் காலையில எங்க தொழில் சங்கத்துல புகார் குடுக்கப் போறேன். அதுக்கப்புறம் அவனுக்கு இந்த ஊர்ல ஒருத்தன் வேலை குடுக்க மாட்டான். அதுக்குள்ள எனக்கு ஆதாரம் வேணும்."

அவர் நேற்றைய பாட்டை ஓடவிட்டார். ஒரு பெண் குரல். பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு பேசுகிற மாதிரி இருந்தது. பின்னால் வயலின், அதற்கும் பின்னால் தூறலாக ஏதோ ஒரு தாளம். மேடத்துக்குக் கழுத்தோரம் சிலிர்த்தது. அமுங்கின பாட்டே இப்படி என்றால் அமுங்காத பாட்டு எப்படி இருக்கும்?

"கேட்டீங்களா? அடைச்சுக் கிடக்கு," என்றார் இன்ஜினியர்.

"நல்லாத்தானே இருக்குது, சார்?" என்றார் பின்னால் நின்ற கண்டக்டர். "ஒருவேளை, இன்ஜின் மேலயே உட்கார்ந்து உட்கார்ந்து என் காது ரிட்டையர் ஆயிடுச்சோ என்னவோ."

இன்ஜினியர் சிரிக்கவும் இல்லை, திரும்பவும் இல்லை. கண்டக்டரின் முகம் சுருங்கியது.

"பாட்டு அடைச்சுக்கிட்டா எப்படிச் சரி பண்ணுவீங்க?" மேடம் கேட்டார்.

இன்ஜினியரின் முகத்தில் முதல் தடவையாக வெளிச்சம் வந்தது. "எல்லாரும் பண்ற தப்பு, உடனே ட்ரெபிளைத் தூக்கிடுவாங்க. கண்ணாடி அழுக்கா இருந்தா அதைத் துடைக்கணும். ரூம்ல இன்னொரு லைட்டைப் போட்டா ஆச்சா? பேஸுக்கு, அதான் கீழ் சத்தத்துக்கு, கொஞ்சம் மேல ஒரு கசடு தங்கும், மேடம். எல்லா வாத்தியமும் அங்கதான் வந்து நெருக்கிக்கிட்டு உட்காரும். அதை வழிச்சு எடுத்துட்டா மூடிக்கிடந்த குரல் தானா வெளிய வந்துடும். ட்ரெபிள் உப்பு மாதிரி. கடைசியில ஒரு சிட்டிகை."

"இந்தப் பாட்டுல எவ்வளவு போட்டிருந்தீங்க?"

இன்ஜினியர் திரையின் மேல் விளிம்பைத் தொட்டுக் காட்டினார். "இதுவரைக்கும்."

"சிட்டிகைன்னு சொன்னீங்களே."

"என்ன செய்ய? கீழ எவ்வளவு வழிச்சாலும் இப்ப வர்ற பாட்டு எதுவும் தெளியறதில்ல. மைக்கெல்லாம் அந்த லட்சணம்."

கண்டக்டரின் வாட்ச், மணி ஆனதற்காக 'கீக் கீக்' என்று கூவியது. அந்தப் பஞ்சு அறையில் அது பெரிய மரியாதைக் குறைவாக இருந்தது. கண்டக்டர் அவசரமாக அதைக் கையால் பொத்தினார். இன்ஜினியர் கண்டுகொள்ளாமல் பேச்சைத் தொடர்ந்தார்.

"இந்த ரூம்ல ஊசி விழுந்தாக்கூடக் கேக்கும். அப்படிப் பார்த்துப் பார்த்துக் கட்டினேன்." சட்டென்று விரலை உயர்த்தினார். "லாரி வருது."

மற்ற இருவருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து டீ கப் நடுங்கியது. மேலே தெருவில் ஒரு லாரி உறுமிக்கொண்டு போனது.

"பாம்புக் காது, சார் உங்களுக்கு," என்றார் கண்டக்டர், இந்த முறை முன்னால் வந்து நின்று. இன்ஜினியர் பெருமையாகத் தலையாட்டினார்.

மேடம் வெளியே நடைவழியைச் சுற்றிப் பார்த்தார். கதவை ஒட்டிய சுவரில் ஆள் உயரத்துக்கும் மேலே மின்மீட்டர் பெட்டி. எக்கி அதன் தலையில் கையை விட்டார். விரல் முழுக்கத் தூசி. தூசிக்கு நடுவே ஒரு சாவி. சாவி மட்டும் சுத்தமாக இருந்தது.

"இது யாருக்குத் தெரியும்?"

"எனக்கு மட்டும்."

"பழைய பூட்டோட சாவியை எங்க வச்சிருந்தீங்க?"

"அங்கதான். வேற எங்க வைக்கிறது?"

கண்டக்டர் மேடத்தின் காதோரம் குனிந்தார். "பூட்டை மாத்தினவரு திருடனுக்கு விலாசத்தை மாத்தலை."

"கம்ப்யூட்டருக்குப் பாஸ்வேர்ட் இருக்கா?" மேடம் கேட்டார்.

"இருக்கு."

"மாத்தினீங்களா?"

இன்ஜினியர் பார்வையைத் தரையில் போட்டார். "அதை மாத்த மாட்டேன்."

வழக்கம்போல மத்தியானம் சாப்பிடப் போகும்படி மட்டும் சொல்லிவிட்டு மேடம் படியேறினார்.

*

இசையமைப்பாளரின் வீடு மூன்றாம் மாடியில் இருந்தது. கதவு திறந்ததும் சத்தம் வெளியே கொட்டியது. ஒரு குழந்தை அழுகை, இன்னொரு குழந்தை கூச்சல், உள்ளறையில் யாரோ யாரையோ குளிக்கச் சொல்லி மிரட்டல். மேடம் வாசலிலேயே ஒரு கணம் கூடுதலாக நின்றார். அவர் வீட்டில் ஃபிரிட்ஜ் மட்டும்தான் பேசும்.

"அந்த மிக்ஸிங் இன்ஜினியர் விஷயமா வந்தோம்," என்று ஆரம்பித்தார்.

"அவர் வேலையில ஒரு குறையும் இல்லை," என்றார் இசையமைப்பாளர்.

"குறை இருக்கான்னு நாங்க கேக்கவே இல்லையே."

இசையமைப்பாளர் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

கண்டக்டர் தொண்டையைச் செருமினார். "சார், நான் பஸ்ல இருந்தவன். டிக்கெட் எடுக்காதவன்தான் நான் பக்கத்துல போறதுக்கு முன்னாடியே 'எடுத்தாச்சு, எடுத்தாச்சு'ம்பான். நீங்க எந்த ஸ்டாப்ல ஏறினீங்க?"

"நான் சொல்ல மாட்டேன். வாக்கு குடுத்திருக்கேன்."

"யாருக்குக் குடுத்தீங்கன்னு கேக்க மாட்டேன்," என்றார் மேடம். "வாக்கு குடுக்கறதுக்கு முன்னாடி வந்த பாட்டு ஒண்ணை மட்டும் போட்டுக் காட்டுங்க. அவர் கையிலேர்ந்து வந்தபடியே."

இசையமைப்பாளர் வெகு நேரம் குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு கீபோர்டுக்குப் பக்கத்திலிருந்த கம்ப்யூட்டரில் எதையோ தேடி எடுத்தார்.

பாட்டு ஆரம்பித்ததும் கண்டக்டர் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டார். தாளம் தகரத்தில் ஆணியால் கீறியது. பாடகி 'ச' என்று சொல்ல வேண்டிய இடத்தில் எல்லாம் பாம்பு சீறியது. தோளில் கிடந்த குழந்தை வீறிட்டது.

"பல் டாக்டர் மெஷினுக்கு மெட்டுப் போட்ட மாதிரி இருக்கு," என்றார் கண்டக்டர், பாட்டு நின்ற பிறகும் கையை எடுக்காமல்.

"அவர்கிட்ட எப்படிச் சொல்வேன்?" இசையமைப்பாளரின் குரல் இறங்கியது. "என்னை முதல்ல நம்பினவர் அவர். மத்தவங்க யாரும் உள்ளேயே விடாத காலத்துல உட்கார வச்சு வேலை செஞ்சு குடுத்தார். அவரைப் போய், உங்க வேலை சகிக்கலைன்னு சொல்லச் சொல்றீங்களா? அதான் சொல்ல வேண்டியவங்ககிட்ட போய்ச் சொன்னேன். அவங்க நான் பார்த்துக்கறேன்னாங்க. அதுக்கப்புறம் வந்த ஒவ்வொரு பாட்டும் தங்கம்."

*

காரில் ஏறியதும் மேடம் சாவியைத் திருகாமல் உட்கார்ந்திருந்தார்.

"கண்டக்டர், காலையில நீங்க பின்னாடி நின்னு பேசினதுக்கு அவர் ஏன் சிரிக்கலை?"

"என் ஜோக்குக்கு மசியாத முதல் ஆளு. அதைத்தான் நானும் யோசிச்சுக்கிட்டு வர்றேன்."

"உங்க வாட்ச் கூவினப்ப?"

கண்டக்டர் மணிக்கட்டைப் பார்த்தார். "திரும்பிக்கூடப் பார்க்கலை. பெரிய மனுஷத்தனம்னு நினைச்சேன்."

"ஆனா லாரியை நமக்கு முன்னாடி கேட்டுட்டார். அது கீழ் சத்தம். வாட்ச் மேல் சத்தம். பேசும்போது நம்ம வாயையே பார்க்கறார். ட்ரெபிள் சிட்டிகைதான்னு பாடம் எடுக்கறவர், திரை முட்ட ஏத்தி வைக்கறார். எவ்வளவு ஏத்தினாலும் அவருக்குத் தெளியலை." மேடம் வண்டியைக் கிளப்பினார். "அடைச்சிருக்கறது பாட்டு இல்ல. அவர் காது."

கண்டக்டர் வாட்சைக் காதோரம் வைத்துப் பார்த்தார்.

"அப்ப ட்ரெபிளை இறக்கினவன் கெடுக்கலை," என்றார். "பூட்டின வீட்டுல புகுந்து பாத்திரம் தேய்ச்சு வச்சுட்டுப் போயிருக்கான். மேடம், அவனைப் பிடிச்சா முதல்ல எங்க வீட்டுக்கு அனுப்புங்க."

மத்தியானம் அந்தக் கட்டடமே அசந்து கிடந்தது. இருவரும் மேல் படிக்கட்டின் வளைவில், உடைந்த பெஞ்சு ஒன்றின் மறைவில் உட்கார்ந்தார்கள். மாடியில் இன்ஜினியரின் அறைக்கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் இல்லை. ஒரு மனிதர் தனியாகச் சாப்பிடும்போது எவ்வளவு குறைவாகச் சத்தம் வரும் என்று மேடத்துக்குத் தெரியும்.

கீழ் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

வந்தது ஒரு பெண். நடுவயதைத் தாண்டியவர். கழுத்தில் அலுவலக அட்டை, தோளில் துணிப்பை. அக்கம் பக்கம் பார்க்கவில்லை. மீட்டர் பெட்டிக்குக் கீழே வந்து குதிகாலை உயர்த்தினார். கண் பார்க்காமலே கை போய்ச் சாவியை எடுத்தது. பூட்டைத் திறந்து, கைப்பிடியை லேசாக மேலே தூக்கி, இடுப்பால் ஒரு இடி. கதவு ஒரு முனகல்கூட இல்லாமல் திறந்துகொண்டது.

"பயில்வான் இல்ல, மேடம்," என்று கிசுகிசுத்தார் கண்டக்டர். "இந்த வீட்டு ஆளு."

கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி இருந்தது. அதன் வழியாக மேடம் பார்த்தார். அந்தப் பெண் ஹெட்போனை மாட்டிக்கொண்டு திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். ஒரு கோட்டைக் கொஞ்சம் இறக்குவார், கேட்பார், கண்ணை மூடுவார், மறுபடி ஒரு மயிரிழை ஏற்றுவார். உறங்குகிற குழந்தைக்குப் போர்வை சரி செய்கிற கை அது.

மேடம் உள்ளே போய் அவர் பார்வை படும் இடத்தில் நின்றார். அந்தப் பெண் ஹெட்போனைக் கழற்றினார்.

"போலீஸா?"

"இல்ல. அவர் வச்ச ஆளுங்க."

"அப்ப அவருக்குத் தெரிஞ்சுபோச்சு."

"யாரோ கெடுக்கறாங்கன்னு மட்டும் தெரியும். நீங்கன்னு தெரியாது. சாவி இருக்கற இடம் உங்க கைக்கே தெரியுது. நீங்க அவர் மனைவி, இல்லையா?"

"ஏழு வருஷத்துக்கு முன்னாடி வரைக்கும்." அந்தப் பெண் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டார். "பார்வையில்லாத பிள்ளைங்களுக்குப் பாடப் புத்தகம் படிச்சுப் பதிவு பண்ணிக் குடுக்கற இடத்துல வேலை பார்க்கறேன். இந்த வேலையே இவர்கிட்ட கத்துக்கிட்டதுதான். மத்தியான இடைவேளையில பஸ் பிடிச்சு இங்க வந்துட்டுப் போவேன்."

"பாஸ்வேர்ட்?"

"முதல் நாள் என் பேரை அடிச்சுப் பார்த்தேன். திறக்காதுன்னு நினைச்சுத்தான் அடிச்சேன்." அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். "திறந்துடுச்சு."

கண்டக்டர் ஒரு நாற்காலியிலிருந்து வயர்ச் சுருளை எடுத்துக் கீழே வைத்துவிட்டு மேடத்துக்கு நகர்த்தினார். மேடம் உட்கார்ந்தார்.

"நான் ஏன் போனேன்னு எல்லாரும் கேட்டாங்க," என்றார் அந்தப் பெண். "சண்டையா, குடியா, வேற பொம்பளையான்னு. ஒண்ணுமில்ல. நான் பேசுவேன், அவர் பதில் சொல்ல மாட்டார். சமையலறையிலேர்ந்து கூப்பிடுவேன், திரும்ப மாட்டார். படுக்கையில இருட்டுல ஏதாவது சொன்னா சும்மா 'உம்' கொட்டுவார். தெருவுல போற வண்டிச் சத்தமெல்லாம் கேக்குது, என் குரல் மட்டும் இவருக்கு வேண்டாததாப் போச்சுன்னு நினைச்சேன். அப்படியே நாலு வருஷம். ஒருநாள் இவர் இந்த நாற்காலியில உட்கார்ந்திருந்தார். பின்னாடி நின்னு, 'நான் போறேன், ஒரு வார்த்தை இருன்னு சொல்லுங்க, இருந்துடறேன்'னு சொன்னேன். இவர் திரும்பவே இல்ல."

அறையின் பஞ்சுச் சுவர்கள் அந்தக் குரலையும் தின்றுவிட்டன.

"போன வருஷம் இசையமைப்பாளர் தம்பி வந்து சொன்னப்ப, சரி, வயசாச்சு, கை தளர்ந்திருக்கும்னு நினைச்சேன். வந்து ஃபைலைத் திறந்து பார்த்தேன். ட்ரெபிள் கோடு திரையை முட்டிக்கிட்டு நிக்குது. பழைய ஃபைலைத் திறந்தேன், அதுல கொஞ்சம் கம்மி. அதுக்கும் பழசுல அதைவிடக் கம்மி. பத்து வருஷத்துக்கும் மேல, கொஞ்சம் கொஞ்சமா ஏறிக்கிட்டே வந்திருக்கு." அவர் கண்ணைத் துடைக்கவில்லை. "என் குரலும் மேல் குரல்தான், மேடம். அவர் கேட்டுட்டுச் சும்மா இருக்கலை. அவருக்கு நான் பேசினதே கேக்கலை."

கண்டக்டர் ஜன்னல் இல்லாத அந்த அறையில் ஜன்னலைத் தேடுவதுபோல அப்புறம் திரும்பி நின்றார்.

"ஏன் அவர்கிட்ட சொல்லலை?" மேடம் கேட்டார்.

"இந்தக் காதைத் தவிர அவருக்கு வேற என்ன இருக்கு? தெரியாமலே இருந்துட்டுப் போகட்டும். நான் வந்து சரி பண்ணிட்டுப் போயிடுவேன்."

"அப்படி விட்டா நாளைக்குக் காலையில எதிர் ஸ்டுடியோக்காரர் பிழைப்புல மண் விழும். அவர்தான் திருடன்னு உங்க வீட்டுக்காரர் சங்கத்துல புகார் குடுக்கப் போறார்."

அந்தப் பெண்ணின் முகம் வெளுத்தது. "அந்த அண்ணனா? நான் போன பிறகு இவரைச் சாப்பிட வச்சதே அவர்தானே."

"சொல்லித்தான் ஆகணும். நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"நீங்களே சொல்லுங்க. நான் சொல்லி அவர் காதுல எது விழுந்திருக்கு?" சொன்ன பிறகுதான் சொன்னதன் பொருள் அவருக்கே உறைத்தது. தலையைக் குனிந்துகொண்டார்.

*

இன்ஜினியர் தூக்கக் கலக்கத்தோடு கண்டக்டருக்குப் பின்னால் இறங்கி வந்தார். தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்ததும் கதவிலேயே நின்றுவிட்டார்.

"இவங்கதான் ட்ரெபிளை இறக்கினாங்க," என்றார் மேடம், அவர் முகத்துக்கு நேராக நின்று, நிதானமாக. "உங்க நண்பருக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை."

"இவளா?" கோபமா திகைப்பா என்று பிரிக்க முடியாத குரல். "ஏழு வருஷம் கழிச்சு வந்து என் தொழிலை அழிக்கறதுக்கா?"

"அழிக்கலை, சார். காப்பாத்தியிருக்காங்க. உங்களுக்கு மேல் சத்தம் கேக்கறதில்ல."

"யார் சொன்னது? இந்த ரூம்ல..."

மேடம் கண்டக்டரைப் பார்த்தார். கண்டக்டர் இன்ஜினியரின் பின்னால் போய் நின்று வாட்சை அவர் காதோரம் பிடித்தார். பொத்தானை அழுத்தினார். கீக். நாற்காலியில் இருந்த பெண்ணின் இமை துடித்தது. மறுபடி கீக். மறுபடி அந்த இமை.

இன்ஜினியருக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் எதிரே இருந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பிக் கண்டக்டரின் கையைப் பார்த்தார். கட்டைவிரல் பொத்தானின் மேல் இருந்தது. ஒலியோடு காலமெல்லாம் குடும்பம் நடத்திய மனிதர். விளக்கம் தேவைப்படவில்லை.

அவர் மெல்லச் சுவரைப் பிடித்துக்கொண்டார். கண்டக்டர் தாங்கி, காலியான நாற்காலியில் உட்கார வைத்தார்.

"ஒரு வருஷமா என் பேர்ல வந்ததெல்லாம் இவளோட பாட்டா?" என்றார்.

மனைவி எழுந்து வந்து அவருக்கு முன்னால் குனிந்தார். "மேல் ஓரத்தை மட்டும்தான் தொட்டேன். கீழ இருக்கற அத்தனையும் உங்களோடது. அந்தக் கசடை உங்களை மாதிரி வழிச்செடுக்க இன்னும் எனக்குக் கை வரலை."

இன்ஜினியர் அவர் வாயைப் பார்த்துக்கொண்டே கேட்டார். பாதி பிடிபட்டது போலிருந்தது.

"எதிர்ல இருக்கறவன் முகத்துல எப்படி முழிப்பேன்?"

"சாயங்காலம் நடக்கப் போறப்ப முழிங்க, சார்," என்றார் கண்டக்டர், முன்னால் வந்து, வாயை அகலமாகத் திறந்து. "ஒண்ணு மட்டும். அவர் பின்னாடி நடக்காதீங்க. பக்கத்துல நடங்க."

இன்ஜினியரின் உதடு கொஞ்சம் கோணியது. கண்டக்டருக்கு அதுவே போதும்.

பிறகு இன்ஜினியர் மனைவியிடம் திரும்பினார். "காது போனது போகட்டும். நீ அன்னிக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம் இல்ல? சாயங்காலம் மேல போய்ப் பார்க்கறேன், வீடு காலி. நான் என்ன பண்ணேன்னுகூட எனக்குத் தெரியலை."

"சொன்னேனே," என்றார் மனைவி.

"என்ன சொன்ன?"

மேடம் கண்டக்டரின் கையைத் தொட்டார். இருவரும் வெளியே வந்தார்கள். கனத்த கதவு தானாகச் சாத்திக்கொண்டது. அந்த நிமிஷமே உள்ளே இருந்த சத்தம் அறுந்துபோனது.

"நான் கிளம்பட்டுமா, மேடம்? பஸ் இருக்கு. நீங்க?"

"போங்க. நான் வர்றேன்."

கண்டக்டர் போன பிறகும் மேடம் நடைவழியிலேயே நின்றிருந்தார். வீட்டில் அவசரமாகப் போய்ச் சேர வேண்டிய காரணம் எதுவும் இல்லை. பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்தார். ஆனாலும் கண்ணாடி பக்கம் பார்வை போனது.

மனைவி பேசிக்கொண்டிருந்தார். இன்ஜினியர் இடையில் கையை உயர்த்தி நிறுத்தினார். நாற்காலியை இழுத்து, முழங்காலோடு முழங்கால் இடிக்கும் அளவுக்குக் கிட்டே போட்டுக்கொண்டார். ஒரு கையைக் காதுக்குப் பின்னால் குவித்து வைத்துக்கொண்டு ஏதோ சொன்னார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் குரல் வரவில்லை. உதட்டசைவு மட்டும் மேடத்துக்குப் புரிந்தது.

"கேக்கலை. இன்னொரு தடவை சொல்லு."

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, முதலிலிருந்து ஆரம்பித்தார்.